பசை போட்டு ஒட்டிய படகு

“நீரை ஆண்ட இனமே நிலத்தை ஆளும். வரலாறு தன் கையாலேயே கல்லில் வெட்டி வைத்த உண்மை இது!”

பெத்தணன் இப்படி முழங்கியது சமுத்திரக் கரையில் அல்ல. ஆமத்தூருக்குத் தெற்கே, தம் ஊர்க் கண்மாய்க் கரையில். அவர் கை நீட்டிக் காட்டிய அதே நீர்ப்பரப்பில்தான் போன வருஷம் தை மாதம் இளவட்டங்கள் சடுகுடு ஆடினார்கள். ஓரத்தில் ஆடு மேய்ந்தது. இந்த வருஷம் ஐப்பசியில் வானத்துக்கு என்ன மனசிரக்கமோ, கொட்டித் தீர்த்துவிட்டது. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. மறுகால் பாய்ந்த அன்றைக்கே பெத்தணனுக்குக் கப்பல் தலைவனின் நடை வந்துவிட்டது. கால்களை அகட்டி வைத்து, தரை ஆடுகிற மாதிரி நடந்தார்.

ஊரில் நஞ்சை புஞ்சை உள்ள மனிதர். அதோடு திருத்தங்கல் சாலையில் ‘ஸ்ரீ சொர்ணலட்சுமி ஃபயர் ஒர்க்ஸ்’ என்று ஒரு சின்ன வெடிக் கம்பெனிக்கு முதலாளி. கம்பெனிக்குப் பெயர் கொடுத்தவள் அவருடைய மனைவி சொர்ணலட்சுமி. இப்போது படகுக்கும் அவள் பெயரையே வைத்து, ‘படகு உல்லாச சங்கம்’ என்று ஒன்றையும் தொடங்கிவிட்டார். தலைவர் அவர். துணைத்தலைவர் கருத்தப்பாண்டி, சொர்ணலட்சுமியின் கூடப்பிறந்த அண்ணன், அச்சங்குளத்தில் பெரிய வெடிக் கம்பெனி வைத்திருப்பவர். ஊரில் மற்ற எல்லோருக்கும் நீந்தத் தெரியும் என்பதால் வேறு உறுப்பினர்கள் சேரவில்லை.

படகு கொடைக்கானலிலிருந்து வந்தது. சில வருஷங்களுக்கு முன் அங்கே போனபோது, சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன சின்ன மரப் படகைப் பார்த்தார், பார்த்ததும் வாங்கினார். படகைக் காத்துவந்த ஆள் நல்ல மனுஷன். கையோடு புத்தியும் சொல்லி அனுப்பினான்.

“மரம் காயக்கூடாதுங்க. காஞ்சா பலகை சுருங்கி இடுக்கு விட்டுரும். தண்ணியில எறக்குறதுக்கு முன்னாடி உள்ளுக்குள்ள தண்ணிய ஊத்தி ரெண்டு மூணு நாள் ஊறப் போடுங்க. மரம் உப்பி, இடுக்கு தானா அடைச்சுக்கும். அப்பவும் கசிஞ்சா பஞ்சுத் திரியத் திணிச்சுத் தாரு பூசுங்க. ஏறுற ஆளுக்கு ஒரு மிதவை வச்சுக்கங்க. தண்ணி புகுந்துட்டா படகை மட்டும் விட்டுறாதீங்க. மரப்படகு அடியில போகாது. புடிச்சுக்கிட்டே கெடந்தா போதும், ஆளு வந்துரும்.”

அவன் இதைச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் பெத்தணன் நங்கூரப் படம் போட்ட தொப்பி ஒன்றைத் தலையில் வைத்து, கண்ணாடியில் இடப்பக்கம் சாய்த்தால் நன்றாயிருக்கிறதா வலப்பக்கம் சாய்த்தால் நன்றாயிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சொர்ணலட்சுமிதான் கேட்டாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள், சொல்வது குறைவு.

அதற்கப்புறம் படகு வைக்கோல் கொட்டகையில் கிடந்தது. விருதுநகர்ச் சீமையின் வெயில் கல்லையே வெடிக்க வைக்கும், பலகை எம்மாத்திரம்? கோழி அதற்குள் முட்டையிட்டது. கண்மாய் நிறைந்த பிறகு பெத்தணன் படகை வெளியே இழுத்துப் போட்டுப் பார்த்தபோது, இந்தப் பக்கம் குனிந்தால் பலகை இடுக்கு வழியாக அந்தப் பக்கம் நின்ற கோழி தெரிந்தது.

“ஊறப் போடச் சொன்னாரே அந்த ஆளு,” என்றாள் சொர்ணலட்சுமி.

“ஏம் படகை நானே முக்கவா? நல்லாருக்கு. தண்ணியில எறங்குமுன்னயே பெத்தணன் படகு முங்கிருச்சுன்னு ஊரு பூரா சிரிப்பான்.”

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனுக்கும் உதித்திருக்காது. அவருடைய கம்பெனியில் செய்யும் அணுகுண்டு வெடிக்குச் சணலை இறுக்கிச் சுற்றி, காக்கிக் காகிதம் போர்த்தி, மேலே பசை தடவிக் காயவைத்தால் கல் மாதிரி ஆகிவிடும். உள்ளே மருந்து வெடித்தால்தான் அந்தக் கட்டு விடும். மருந்துக்கே அம்புட்டு மல்லுக்கட்டுகிற பசை, வெறும் தண்ணீரைத் தடுக்காதா?

பசைப் பகுதிப் போர்மேன் ஊர்க்காவலனைக் கூப்பிட்டார். முன்னொரு காலத்தில் பெத்தணனுடைய அப்பாவின் காட்டில் களையெடுத்த குடும்பம். இப்போது ஊர்க்காவலன் சுற்றி ஒட்டிய வெடி என்றால் சிவகாசி ஏஜெண்டுகள் பிரித்துப் பார்க்காமலே லோடு ஏற்றுவார்கள். அவன் மனைவி வேலுத்தாய் அதே கம்பெனியில் காகிதக் குழாய் உருட்டுகிறாள்.

“மைதாப் பசை தண்ணியில நிக்குமா மொதலாளி?” என்று ஒரு தடவை கேட்டான் ஊர்க்காவலன்.

“மேல அலுமினியப் பெயிண்ட் அடிச்சிருவோம்லலே. நான் சொல்றதச் செய்யி. யோசிக்கிறதுக்கு நான் இருக்கேன்.”

தீபாவளி முடிந்து கம்பெனி ஓய்ந்து கிடந்த சமயம். ஊர்க்காவலனும் கேட்டதை மறந்து வேலையில் லயித்துப் போனான். இடுக்கில் சணலைத் திணித்து, பூச்சி அரிக்காமலிருக்க நீல மயில்துத்தம் கலந்த பசையைத் தடவி, காக்கிக் காகிதத்தை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, வெயிலில் காயவைத்து, வெள்ளி நிறத்தில் பெயிண்ட் அடித்தான். தட்டினால் தவில் மாதிரிச் சத்தம் கேட்டது. கோயில் வாகனம் தோற்றது. முதலாளியும் போர்மேனும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சந்தோஷம்.

மிதவைக்கு ஒரு லாரி ட்யூப் வாங்கி, சிவப்பும் வெள்ளையும் அடித்து முன்பக்கம் மாட்டினார்கள். அது புடைத்துக்கொண்டு ‘சொர்ணலட்சுமி’ என்ற பெயரில் பாதியை மறைத்தது. “என்னலே இது, பேரு தெரியல. ஏதாச்சும் செய்யி,” என்று சொல்லிவிட்டு, பெத்தணன் சிவகாசி அச்சாபீசுக்குப் பஸ் ஏறினார்.

அச்சாபீசில் ‘படகுப் பாதுகாப்பு விதிகள்’ மூன்று வர்ணத்தில் அச்சாகிக்கொண்டிருந்தன. மேலே தாமரையில் லட்சுமி நின்றிருந்தாள். அந்தத் தாளில் தண்ணீர்மேல் நிற்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கீழே பெத்தணன் சொந்தமாக இயற்றிய விதிகள். எல்லாவற்றுக்கும் சிகரமாகக் கடைசி விதி, கொட்டை எழுத்தில்: ‘ஆபத்துக் காலத்தில் பெண்டிர் முதலில்; விருந்தினர் அடுத்து; தலைவர் இறுதியில்.’

வெள்ளோட்டம் மாட்டுப் பொங்கலன்று. காளைகளைக் குளிப்பாட்ட ஊரே கண்மாயில் கூடியிருக்கும். வேறு கூட்டம் சேர்க்க வேண்டியதில்லை. சொர்ணலட்சுமி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். படகோடு கயிறு கட்டி, மறு நுனி கரையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற மாட்டாள். கிணற்றுக் கமலைக் கயிறுகளை முடிந்து நீட்டிக் கட்டினார்கள். அதைப் பார்த்துச் சிரித்தவர்களிடம், “அது நங்கூரக் கயிறு,” என்றார் பெத்தணன்.

முழக்கம் முடிந்தது. விதிகள் வாசிக்கப்பட்டன. தலைவர், துணைத்தலைவர், சொர்ணலட்சுமி மூவரும் ஏறினார்கள். தொப்பியை வலப்பக்கம் சாய்த்துக்கொண்டு பெத்தணன் துடுப்புப் போட, படகு ஆடாமல் அசையாமல் போயிற்று. கரையில் கைதட்டினார்கள். காளைகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

நடுக்கண்மாய்ப் பக்கம் போனபோது கருத்தப்பாண்டி காலைத் தூக்கினார்.

“என்ன மாப்ள, கால்ல கஞ்சி மாதிரி கொளகொளங்குது?”

பெத்தணன் குனிந்து பார்த்தார். வெள்ளிப் பெயிண்ட் அப்பளம் மாதிரிப் பொரிந்து எழும்பியிருந்தது. அதன் கீழே காக்கிக் காகிதம் ஒவ்வொரு அடுக்காக, அவசரமே இல்லாமல் கழன்று வந்துகொண்டிருந்தது. பிறகு ‘களுக்’ என்று ஒரு சத்தம். நீலம் கலந்த வெள்ளைப் பசை படகைச் சுற்றிப் பால் மாதிரிப் பரவியது. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது.

“படகை விடாதீக!” என்று கத்தினாள் சொர்ணலட்சுமி. அண்ணன் கையைப் பிடித்துப் படகின் விளிம்பில் வைத்து அழுத்தினாள். தானும் பற்றிக்கொண்டாள்.

தலைவர் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. அவர் கண்ணுக்கு அந்தச் சிவப்பு வெள்ளை ட்யூப் மட்டும் தெரிந்தது. அதைப் பிடுங்கி மார்போடு அணைத்தார். கண்ணை இறுக மூடினார். குதித்தார். அப்புறம் அவருக்குத் தெரிந்ததெல்லாம் மூக்கில் ஏறிய தண்ணீரும், அடித்துக்கொண்ட கைகால்களும், கடைசியில் கரைச் சேறும்தான்.

கண்ணைத் திறந்தபோது ஊர்க்காவலன் ஓடிக்கொண்டிருந்தான். கயிற்று நுனியை எடுத்து, குளித்துப் பொட்டு வைத்து நின்ற பெத்தணனுடைய சொந்தக் காளைகளை நுகத்தில் பூட்டி, “ஹை! ஹை!” என்று ஓட்டினான். காளைகள் முக்கி இழுக்க, விளிம்புவரை தண்ணீர் நிறைந்த படகு, இரண்டு பேரையும் தொங்கவிட்டுக்கொண்டு கரைக்கு வந்து சேர்ந்தது. கொடைக்கானல் ஆள் சொன்னபடியே அது அடியில் போகவில்லை.

கருத்தப்பாண்டி பசை வழியும் வேட்டியோடு எழுந்து நின்றார். அவர் போட்ட சத்தம் ஆமத்தூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

“எவம்லே இதுக்குப் பசை போட்டு ஒட்டுனது? எந்தங்கச்சி போயிருப்பாலே! யாருலே அது?”

கூட்டம் பெத்தணனைப் பார்த்தது. பெத்தணனுடைய கை எழுந்தது. அதன் ஆள்காட்டி விரல் நீண்டு, காளைகளை அவிழ்த்துக்கொண்டிருந்த ஊர்க்காவலனைக் காட்டியது.

ஊர்க்காவலன் ஒரு விநாடி அந்த விரலைப் பார்த்தான்.

“ஒட்டுனது நாந்தான் மொதலாளி,” என்றான்.

அதோடு முடியவில்லை. மாட்டுப் பொங்கலன்று மாட்டைப் பூட்டக் கூடாது. அன்றைக்கு நுகத்தைத் தொடுவதே பாவம். ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். வரப்போகிற வருஷம் மழை தவறினால் யார் பொறுப்பு? காளைகளின் சொந்தக்காரர் என்ற முறையில் பெத்தணனைக் கேட்டார்கள். “நான் பூட்டச் சொல்லலையே,” என்றார் அவர். அது சத்தியம். ஊர்க்காவலன் தேங்காய் உடைத்து, இரண்டு காளைகளின் முன்னாலும் விழுந்து கும்பிட்டான். பெத்தணன் பக்கத்திலேயே நின்று பார்த்தார். காளை ஒன்று சும்மா இருக்காமல் ஊர்க்காவலன் முதுகை நக்கியது. பெத்தணனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“கொஞ்ச நாள் கம்பெனிப் பக்கம் வராம இரு. பேச்சு அடங்கட்டும்,” என்று அவனிடம் சொல்லி அனுப்பினார்.

முதல் இரண்டு நாள் அவர் மனத்துக்குள் வழக்கு நடத்தி ஜெயித்துக்கொண்டே இருந்தார். ஒட்டியது யார்? ஊர்க்காவலன். விரல் யாரைக் காட்டியது? ஊர்க்காவலனை. அவனே ஒத்துக்கொண்டான். இதில் பொய் எங்கே இருக்கிறது? ட்யூப் விஷயத்துக்கும் பதில் தயாராக இருந்தது: கரைக்குப் போய் உதவி கொண்டுவரத்தான் குதித்தார். உண்மையில், நீச்சலே தெரியாத தாம் அவ்வளவு தூரம் நீந்தி வந்ததை நினைத்து உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஆபத்து வந்தால் உடம்பே நீச்சலைக் கற்றுக்கொள்ளும்போலிருக்கிறது.

மூன்றாம் நாள் சொர்ணலட்சுமி கேப்பைக் கஞ்சி ஊற்றி வைத்தாள். அவர் கிண்ணத்தைப் பார்த்தார். கொளகொளவென்றிருந்தது.

“என்ன இது, பசை மாதிரி?”

“கஞ்சிங்க,” என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள். அவர் கையைக் கழுவிவிட்டார்.

அவள் ஏதாவது கேட்டிருந்தால் தேவலாம். கேட்டால் கோபப்படலாம். அவள் கேட்கவில்லை. மூன்று வர்ண விதிகளில் ஒன்றை மட்டும் அடுப்பங்கரைச் சுவரில், வறட்டி அடுக்கியிருந்த இடத்துக்கு மேலே, ஆணியடித்து மாட்டியிருந்தாள். லட்சுமி படம் போட்ட தாளைக் கீழே போடக்கூடாதாம். ஒவ்வொரு வேளையும் பெத்தணன் சோற்றில் கைவைக்கும்போது ‘தலைவர் இறுதியில்’ என்பது நேராகக் கண்ணில் பட்டது. அவர் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடப் பழகினார்.

கம்பெனியில் வேறொரு தொல்லை. வேலுத்தாய் தினமும் வேலைக்கு வந்தாள். குழாய் உருட்டினாள். ஆர்டர் கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கியிருந்தது. பெத்தணன் அந்தப் பக்கம் தலைகாட்டினால் போதும், கையிலிருக்கும் குழாயைத் தூக்கிக் காட்டுவாள்.

“மொதலாளி, இந்த ஒட்டு நிக்குமா? நல்லாப் பாத்துக்கோங்க. பொறவு ஏதாச்சும் ஆனா எங்க வீட்டாளு மேல வந்துரும்.”

மற்றப் பெண்கள் குனிந்துகொள்வார்கள். பெத்தணனும் வேறு வழியில்லாமல் குழாயை வாங்கிப் பார்த்து, “நிக்கும் நிக்கும்,” என்பார்.

ஒருநாள் வாழைத்தார் ஒன்றை ஊர்க்காவலன் வீட்டுக்கு அனுப்பினார். மறுநாள் வேலுத்தாய் அந்தப் பழத்தையே கம்பெனிப் பெண்களுக்கெல்லாம் பங்கு வைத்தாள். “தின்னுங்கடி. மொதலாளி குடுத்தாக. எதுக்குக் குடுத்தாகன்னு அவுகளுக்கே தெரியல. தோலை வீணாக்காதீக, படகுல ஒட்டலாம்.”

ஊர்க்காவலன் சும்மா இருக்கவில்லை. திருத்தங்கலில் நாலைந்து கம்பெனி ஏறி இறங்கினான். போகிற இடத்திலெல்லாம் அவனுக்கு முன்னால் கதை போயிருந்தது. கருத்தப்பாண்டி பஸ்ஸில், அச்சாபீசில், கல்யாண வீட்டில், கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். “யாரு, அந்தப் படகு ஒட்டுன ஆளா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். வெடித் தொழிலில் ஒருவனுடைய ஒட்டில் சந்தேகம் வந்துவிட்டால் அவனிடம் குண்டைக் கொடுக்க மாட்டார்கள். இளகிய கட்டு வெடிக்காது. அல்லது வெடிக்கக் கூடாத நேரத்தில் வெடிக்கும். எங்காவது காகிதம் உரிந்தால் அதற்கு ‘ஊர்க்காவலன் ஒட்டு’ என்றே பெயர் வந்துவிட்டது. கடைசியில் அவன் கருவேல விறகு வெட்டப் போனான். வருஷக்கணக்காகப் பசையில் ஊறிய கை. முள் சுலபமாக ஏறியது.

ஒருநாள் மத்தியானம் திருத்தங்கல் பஸ் நிறுத்தத்தில் கருத்தப்பாண்டி பெத்தணனைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்ள, அந்த ஊர்க்காவலன் ஏங் கம்பெனி வாசல்ல வந்து நிக்கான். எனக்கும் சீசனுக்குப் போர்மேன் வேணும். இம்புட்டு வருசமா ஒங்ககிட்ட இருந்த ஆளு. அந்தப் படகு வேலை அவன் சொந்தப் புத்திதானா, இல்ல வேற யாரும் சொல்லிக் குடுத்தாகளா? ஒத்த வார்த்த சொல்லுங்க, எடுத்துக்கிடுதேன்.”

ஒத்த வார்த்தைதான். பெத்தணனுக்கு அது தொண்டை வரை வந்தது. ஆனால் எதிரே நிற்பது கருத்தப்பாண்டி. இவரிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் சாத்தூர் தாண்டிப் போய்விடும்.

“ஆளு நல்லவன்தான் மச்சான்,” என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “ஆனா...”

அந்த ‘ஆனா’வுக்கு அப்புறம் எதுவும் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்ட மாதிரி சாலையைப் பார்த்தார். பஸ் வரவில்லை. கருத்தப்பாண்டி தலையை ஆட்டிக்கொண்டார். “வெளங்கிருச்சு மாப்ள. நல்ல வேளை கேட்டேன்.”

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பெத்தணன் தன்னைத் தானே திட்டிக்கொண்டு வந்தார். விரல் அன்றைக்குத் தானாக எழுந்தது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இந்த ‘ஆனா’ தானாக வரவில்லை. யோசித்து, இடம் பார்த்து வைத்தது. யோசிப்பதற்கு நான் இருக்கிறேன் என்று ஊர்க்காவலனிடம் தாமே சொன்னது ஞாபகத்துக்கு வந்தது.

பங்குனியில் நல்ல நாள் பார்த்து சீசன் பூஜை வைத்தார்கள். அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தின் முதல் குண்டைப் போர்மேன் தன் கையால் சுற்றி ஒட்டிக் கொடுப்பான். வெளியே பொட்டலில் வைத்து முதலாளி பற்றவைப்பார். அது எப்படி வெடிக்கிறதோ அப்படித்தான் சீசன். இந்த வருஷம் போர்மேன் இல்லை. “நானே ஒட்டுதேன்,” என்று பெத்தணன் அறிவித்திருந்தார். இரண்டு நாள் உட்கார்ந்து சணல் சுற்றினார். முதலாளியின் கைப்பட்ட குண்டைப் பார்க்கத் தொழிலாளர்கள் அத்தனை பேரும், சொர்ணலட்சுமியும், விருந்துக்கு வந்த கருத்தப்பாண்டியும் பொட்டலில் நின்றார்கள். வேலுத்தாய்க்குச் சோறு கொண்டுவந்த ஊர்க்காவலன், தூக்குச்சட்டியோடு கம்பிவேலிக்கு வெளியே நின்றான்.

பற்றவைத்துவிட்டு பெத்தணன் ஓடிவந்தார். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

‘புஸ்’ என்றது. கொஞ்சம் புகை வந்தது. அப்புறம் கட்டு ஒரு பக்கமாகப் பிரிந்து, காகிதம் மெதுவாக விரிந்துகொண்டது. யாரோ ஒருவர் வாளித் தண்ணீரை ஊற்றி அதற்கு விமோசனம் கொடுத்தார்.

கருத்தப்பாண்டி தொடையைத் தட்டிச் சிரித்தார். “அந்தா நிக்கானே வேலிக்கு அங்கிட்டு! அவன் ஒட்டுனதா மாப்ள இதுவும்?”

கூட்டமும் சிரித்தது. எல்லோரும் ஊர்க்காவலனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஊர்க்காவலன் தூக்குச்சட்டியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டான். அந்த வலக்கையில் முள் கிழித்த இடத்தில் துணி சுற்றியிருந்தது.

பெத்தணன் அதைப் பார்த்தார். கண்மாய்க் கரையில் நின்ற மாதிரியே நெஞ்சை நிமிர்த்தினார். வேறு மாதிரிப் பேச அவருக்குத் தெரியாது.

“பெரியோர்களே! உண்மை என்பது ஒரு தீபம். அந்தத் தீபத்தை...”

“தீபத்தையெல்லாம் கம்பெனிக்குள்ள கொண்டாராதீக மொதலாளி,” என்றாள் வேலுத்தாய். “விசயத்தச் சொல்லுங்க.”

பெத்தணனுடைய நெஞ்சு இறங்கிவிட்டது. அப்புறம் வந்தது சாதாரணக் குரல்.

“இதை ஒட்டுனது நானு. படகுக்குப் பசை போடச் சொன்னதும் நாந்தான். தண்ணியில நிக்குமான்னு அவன் கேட்டான். யோசிக்க நான் இருக்கேன்னேன். அந்தக் கொடைக்கானல் ஆளு சொன்னபடி ஊறப் போட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. சொர்ணமும் சொன்னா, நான் கேக்கல. ஊர்க்காவலன் மேல ஒரு தப்பும் கெடையாது. மாட்டைப் பூட்டி இழுக்கலேன்னா இவளும் மச்சானும் அன்னிக்கு...” அவர் நிறுத்தினார். “பஸ் நிறுத்தத்துல கேட்டீகளே மச்சான், அப்பவே சொல்லியிருக்கணும்.”

சிரிப்பு நின்றுபோயிற்று. கருத்தப்பாண்டி பெத்தணனை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு வேலிப் பக்கம் திரும்பி, “ஏலே ஊர்க்காவலா, நாளைக்கே அச்சங்குளத்துக்கு வந்துரு. போர்மேன் வேலை,” என்றார்.

“நம்ம கம்பெனிக்கே வந்துரட்டுமே மச்சான்,” என்றார் பெத்தணன் அவசரமாக.

ஊர்க்காவலன் வேலுத்தாயைப் பார்த்தான். வேலுத்தாய் சொன்னாள்: “அச்சங்குளம் மொதலாளிக்குப் படகு இருக்கான்னு மொதல்ல கேட்டுக்கிடுங்க.”

“சத்தியமா இல்ல தாயி,” என்றார் கருத்தப்பாண்டி.

“அப்பன்னா நாளைக்கு வாரேன் மொதலாளி,” என்றான் ஊர்க்காவலன், கருத்தப்பாண்டியிடம்.

ஆள் போனது வருத்தம்தான். இருந்தாலும் பெத்தணனுக்கு நெஞ்சில் இத்தனை நாள் அடைத்திருந்தது கரைந்து இறங்குவது நன்றாகத் தெரிந்தது. இறங்க இறங்க, மிச்சம் இருப்பதையும் இறக்கிவிட வேண்டும் என்று வந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. சொர்ணலட்சுமியின் பக்கம் திரும்பினார்.

“இன்னொன்னும் இருக்கு சொர்ணம். நீ கேக்கலன்னாலும் ஒனக்குத் தெரியும். தலைவர் கடைசியிலன்னு அச்சடிச்சு ஒட்டிட்டு, இருந்த ஒரே ட்யூப நான் எடுத்துக்கிட்டுக் குதிச்சேன். ஒன்னைய விட்டுட்டு அந்த ட்யூபப் புடிச்சுத்தான் உசுரு பொழைச்சேன்.”

சொர்ணலட்சுமி முந்தானையை இழுத்துச் செருகினாள். வேலிக்கு வெளியிலிருந்து ஊர்க்காவலன்தான், இனிமேல் இவர் நம் முதலாளி இல்லை என்ற தைரியத்தில், மெதுவாகக் கேட்டான்.

“எந்த ட்யூபு? அந்தச் செவப்பு வெள்ளையா? அதுலதான் காத்தே கெடையாதே. பேரை மறைக்குது, ஏதாச்சும் செய்யின்னீக. நான் அன்னிக்கே காத்தப் புடுங்கி விட்டுட்டேன்.”

பெத்தணன் அவன் பக்கம் திரும்பினார்.

“பொறவு நான் எப்படிலே அம்புட்டுத் தூரம் நீந்திக் கரைக்கு வந்தேன்?”

அன்றைக்குக் கரையில் நின்று பார்த்தவர்கள் பல பேர் அங்கே இருந்தார்கள். ஒவ்வொருவராகத் தரையைப் பார்த்தார்கள். கருத்தப்பாண்டிகூட வானத்தைப் பார்த்தார்.

“நீந்தலைங்க,” என்றாள் சொர்ணலட்சுமி.

அவர் குதித்த பக்கம் தண்ணீர் அவருக்கு மார்பளவுதான் இருந்தது. கரைவரைக்கும் அவர் நடந்தே வந்திருக்கிறார்.